கண்ணாடிக்குக் கீழே ஒரு கோடு

1

இந்தக் கதை ஒரு கட்டுரையின் ஆறாவது பத்தியில் பிறந்தது. கார்களைப் பற்றிய மாத இதழ் ஒன்று, வண்டி வாங்கப் போகிறவர்களுக்குக் கார் உடல்வகைகளை அறிமுகம் செய்து எண்ணூறு சொல்லில் எழுதித் தரச் சொல்லியிருந்தது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் எந்தக் காரையும் பார்த்த மாத்திரத்தில் இது செடான், இது ஹேட்ச்பேக், இது வேகன் என்று சொல்லிவிடுவான் என்று நண்பர்களிடையே எனக்கு ஒரு பெயர் உண்டு. (அந்தப் பெயர் எவ்வளவு பெரிய பொய் என்பது அடுத்த பகுதியில் தெரிந்துவிடும்.) ஐந்து பத்திகள் தடங்கல் இல்லாமல் வந்தன. ஆறாவதில் இப்படி எழுதினேன்:

'செடானின் டிக்கி ஒரு தனி அறை. அதற்கும் ஆட்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவே தடுப்பு உண்டு. ஆகவே டிக்கிக்குள் இருப்பவர்—'

'இருப்பவை' என்று எழுதியிருக்க வேண்டும். பெட்டி, பை, மாற்றுச் சக்கரம். என் கை 'இருப்பவர்' என்று எழுதிவிட்டது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தபோதும் அந்தச் சொல் அங்கேயே இருந்தது.

கட்டுரை இன்னும் போய்ச் சேரவில்லை. அதற்குப் பதிலாக இது வந்துகொண்டிருக்கிறது. முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன்: இதை எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. கதை சரியாக வராதோ என்கிற பயமில்லை. சரியாக வந்துவிடுமோ என்கிற பயம்.

2

கட்டுரையில் எழுதியதைக் கொஞ்சம் இங்கே கொட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடப்பது புரியாது.

காரின் உடலைப் பெட்டிகளாக எண்ணுவார்கள். முன்னால் எஞ்சினுக்கு ஒரு பெட்டி, நடுவில் மனிதர்களுக்கு ஒன்று, பின்னால் சாமானுக்கு ஒன்று. மூன்றும் தனித்தனியாக இருந்தால் செடான். பின்பெட்டியை நடுப்பெட்டியோடு சேர்த்துவிட்டு, கண்ணாடியோடு மேலே தூக்குகிற கதவு ஒன்றைப் பின்னால் வைத்தால் ஹேட்ச்பேக். அந்தக் கூரையையே கடைசிவரை நீட்டிக்கொண்டு போனால் வேகன். இரண்டே கதவு, தாழ்ந்த கூரை என்றால் கூபே. இவ்வளவுதான், யாரும் அரைமணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

இந்தக் குடும்பத்தில் ஆளை ஏமாற்றுகிற ஒருத்தன் உண்டு. கூரை நடுவிலிருந்தே சரிந்து வால்வரை வழிந்து வருகிற வகை. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் ஹேட்ச்பேக் என்றுதான் தோன்றும். ஆனால் அவற்றில் சில வண்டிகளில் சரிவிலிருக்கும் கண்ணாடி திறக்கவே திறக்காது. அதற்குக் கீழே ஒரு சின்ன மூடிதான் திறக்கும். அப்படியானால் உள்ளே தடுப்பு இருக்கிறது, அது செடான்தான். சாயலைப் பார்த்து வகை சொல்லக் கூடாது. கதவின் கோடு எங்கே ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். கண்ணாடிக்கு மேலே ஓடினால் ஹேட்ச்பேக். கீழே ஓடினால் டிக்கி.*

* இந்த விதியை எனக்குச் சொன்னவள் என் அக்கா. பழைய கார்களை வாங்கி விற்கும் ஒரு வண்டிக் கொட்டிலில் அவள் பட்டியல் எழுதுகிற வேலையில் இருந்தாள். வண்டியின் எண், வயது, நிறம், உடல்வகை, ஏற்றிய தேதி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் பொறுப்பு. அங்கே எல்லாரும் அவளை 'லிஸ்ட் அக்கா' என்று கூப்பிடுவார்கள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அக்காவுக்குக் கால் எலும்பில் விரிசல் விழுந்தது. இரண்டு வாரம் படுக்கை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் எழுத்தாளத் தம்பிக்கு ஒரு வேலையாகவும் இருக்கட்டும் என்று முதலாளியிடம் பேசி என்னை அனுப்பிவைத்தாள். அந்த இரண்டு வாரத்தில் இருபத்து மூன்று வண்டிகளைப் பட்டியலில் ஏற்றினேன். கடைசி நாள் மாலை, கடைசி வண்டி. எண் நாற்பத்தேழு. வெளிறிய பச்சை. மதிலோரம் நின்றிருந்தது. அருகில் போகச் சோம்பலாக இருந்தது. பத்தடி தள்ளி நின்று அந்தச் சரிந்த முதுகைப் பார்த்தேன். 'ஹேட்ச்பேக்' என்று ஏற்றிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். கோட்டைப் பார்க்கவில்லை.

உங்களிடம் சொல்லிவிட்டேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

3

தொடக்கம் ஒன்று: 'அன்று வெயில் தகரக் கூரையின் மேல்—' வேண்டாம். வெயிலை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் ஒளிந்துகொள்கிற வேலை இது.

தொடக்கம் இரண்டு: 'உள்ளே இருட்டாக இருந்தது. அவள் முழங்காலை மடக்கி—'

இதை மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்று முறையும் 'மடக்கி'யில் நின்றுவிட்டது. மூன்றாம் முறை எழுந்து ஜன்னலைத் திறந்தேன். ஏற்கெனவே திறந்திருந்த ஜன்னலைத்தான் திறக்கப் போனேன் என்று கை வைத்த பிறகுதான் தெரிந்தது. அங்கே நுழைய எனக்கு உரிமை இல்லை. இந்தக் கதை டிக்கிக்குள் போகாது. வெளியே நின்றவர்களோடு வெளியிலேயே நிற்கும்.

தொடக்கம் மூன்றைப் போனில் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். முதல் வரியிலேயே அலறல் இருந்தது.

"எடுத்த எடுப்புல ஏன்டா பயமுறுத்தற?" என்றாள். "அவங்க சிரிச்சுக்கிட்டேதான் வந்தாங்க. அதுல இருந்து ஆரம்பி."

எழுதி முடித்ததும் அச்செடுத்து அவளுக்குக் கொடுத்தேன். பென்சிலால் திருத்தி அனுப்பினாள். இனிமேல் சதுர அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் அவள் போனில் சொன்னதும் ஓரத்தில் எழுதியதும்.

4

அவர்கள் சிரித்துக்கொண்டேதான் வந்தார்கள். கணவன், மனைவி, நாலரை வயது மகள். மகளைக் 'குட்டி' என்று கூப்பிட்டார்கள். காலில் சிவப்புச் செருப்பு.

[முதல்ல மஞ்சள்னு எழுதியிருந்த. சிவப்பு. எனக்குத் தெரியும்.]

அக்கா அலுவலக அறையிலிருந்து எழுந்து வந்தாள். கால் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. நொண்டவில்லை, ஆனால் வேகமாக நடந்தால் இழுக்கும்.

"எங்களுக்குள்ள ஒரு பஞ்சாயத்து மேடம்," என்றார் குட்டியின் அப்பா. "எனக்கு டிக்கி வேணும். டிக்கி இல்லாத கார் பாதியில நறுக்கி வெச்ச மாதிரி இருக்கு."

"நறுக்கினதுதான் நமக்கு நல்லது," என்றாள் மனைவி. "இவர் ரிவர்ஸ் எடுக்கற அழகைப் பார்த்தா நீங்களே சின்ன வண்டியாத்தான் காட்டுவீங்க."

அக்கா சிரித்தாள். இப்படிப்பட்டவர்களை அவளுக்குப் பிடிக்கும். வகை பிரித்துச் சொல்லுகிற சந்தர்ப்பம் கிடைத்தால் விடமாட்டாள். ஒரு வெள்ளைச் செடானின் பின்னால் அவர்களை நிறுத்தி மூடியைத் தூக்கிக் காட்டினாள். "ரெண்டு பெரிய பெட்டி தாராளமா வைக்கலாம் சார்," என்றாள்.

[போனில் இந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "நான் அது மட்டும் சொல்லல."

"வேற என்ன சொன்ன?"

"இது வீட்டு ஸ்டோர் ரூம் மாதிரி, சாத்திட்டா உள்ள என்ன இருக்குன்னு வெளியில யாருக்கும் தெரியாதுன்னு சொன்னேன். குழந்தை எட்டிப் பார்த்துச்சு. 'ஒளிஞ்சுக்கலாமா?'ன்னு கேட்டுச்சு. நான் சிரிச்சேன்டா. நீ இதுல ஒளிஞ்சா யாராலயும் கண்டுபிடிக்க முடியாதுன்னு சொன்னேன்."

ஆறு வருடத்தில் இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. 'எழுதாதே' என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. போனை வைத்துவிட்டாள்.]

இந்தக் கதையில் தப்பு செய்தவன் ஒருத்தன்தான் என்று நினைத்து எழுத உட்கார்ந்தேன். நாலாம் பகுதியிலேயே அது கையைவிட்டுப் போய்விட்டது. மேலே எழுதுகிறேன்.

5

பதினொன்று நாற்பதுக்கு அலுவலக அறையில் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன் உரிமையாளர் எத்தனை பேர், வண்டி எத்தனை ஓடியிருக்கிறது. குட்டியின் அம்மா தலையைத் தூக்கினாள்.

"குட்டி எங்கங்க?"

"உன் பக்கத்துலதான இருந்தா?"

"உங்ககூட வெளியில நின்னான்னு நினைச்சேன்."

இந்த மூன்று வரிகளை வேறு விதமாக எழுதிப் பார்த்தேன். இதைவிடப் பயமாக எழுத முடியவில்லை. எல்லா வீட்டிலும் தினம் இரண்டு முறையாவது பேசப்படுகிற வரிகள். பெரும்பாலும் நாலாவது வரியில், 'இதோ இருக்கா' என்று வந்துவிடும்.

அன்று நாலாவது வரி வரவில்லை.

முதலில் கழிப்பறை. பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். வாசல் காவலாளி, "கேட்டு சாத்தியிருக்கு, ஒரு பூனைகூடப் போகல, சத்தியமா," என்றார். அதைக் கேட்டதும் எல்லாருக்கும் உயிர் வந்தது. அடுத்த கணமே அக்காவுக்கு உயிர் போயிற்று. வெளியே போகவில்லை என்றால் உள்ளே இருக்கிறாள். உள்ளே இருப்பது அறுபத்தொரு வண்டி. உச்சிவெயிலுக்கு இன்னும் கால்மணி நேரம்.

ஒவ்வொருவரும் ஒரு பக்கம் 'குட்டி, குட்டி' என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். ஒரே வண்டியை மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்து வண்டியை யாரும் பார்க்கவில்லை. அக்கா ஓடினாள்—

[நான் ஓடல. ஓட முடியல, கால். நடந்தேன். அதையே எழுது.]

அக்கா நடந்தாள். அறைக்குள் போய்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு வந்து, கையைத் தட்டி எல்லாரையும் நிறுத்தினாள்.

"கண்ணாடி வழியா பார்த்தா தெரியற வண்டி வேற, தெரியாத வண்டி வேற," என்றாள். சேல்ஸ்மேனைப் பார்த்து, "ஹேட்ச்பேக், வேகன் எல்லாம் நீ. கதவைத் திறக்க வேணாம், கண்ணாடியில முகத்தை வெச்சுப் பாரு, போய்க்கிட்டே இரு. செடான் எல்லாம் நானும் மெக்கானிக் சாவியும். ஒவ்வொண்ணாத் திறக்கணும்."

சரியான முடிவு. அந்த இடத்தில் இருந்த யாருக்கும் வராத முடிவு. ஹேட்ச்பேக்கில் ஒரு குழந்தை மாட்டிக்கொண்டாலும் பின்னால் சாமானை மூடியிருக்கும் தட்டை உதைத்துவிட்டு இருக்கைக்கு வந்துவிடும், கண்ணாடியில் தெரியும். செடானின் டிக்கியிலிருந்து எங்கும் வர முடியாது. பட்டியலில் செடான் பத்தொன்பது. அறுபத்தொன்று பத்தொன்பதாகிவிட்டது. அவளுக்குத் தெரிந்த விஷயம் முழுக்க அந்த ஒரு கணத்துக்காகத்தான் இருந்தது என்று தோன்றும்படி அவள் நின்றாள்.

பட்டியல்தான் தப்பு.

6

இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றி என் சந்தேகத்தைச் சொல்ல வேண்டும்.

'சாவி' என்பது மெக்கானிக்கின் பட்டப்பெயர். வண்டிச் சாவிகளை எண் வரிசையில் மாட்டிவைக்கும் பலகை அவர் பொறுப்பில் இருந்தது. முதல் பிரதியில் அவரைக் குடிகாரராக எழுதியிருந்தேன். பலகை கலைந்து கிடந்ததாகவும், பாதிச் சாவி கிடைக்காமல் நேரம் போனதாகவும். இரண்டாம் பிரதியில் குடியை எடுத்துவிட்டேன், சோம்பேறி ஆக்கினேன். மூன்றாம் பிரதியில் அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று—

ஏன் இப்படிச் செய்கிறேன் என்று ஒரு காலையில் புரிந்தது. நேரம் வீணானதற்கு எனக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் இல்லாத ஓர் ஆள்.

உண்மையில் அவர் பலகையையே கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். பத்தொன்பது சாவியில் ஒன்றைக்கூட அவர் தேடவில்லை. அக்கா எண்ணைச் சொல்லி முடிக்கும் முன்னால் சாவி கையில் இருக்கும்.

"மூணு."

மூடி எழும்பியது. மாற்றுச் சக்கரம், ஒரு கந்தல் துணி.

"எட்டு."

ஒன்றுமில்லை.

"பதினொண்ணு."

ஒவ்வொரு மூடி எழும்பும்போதும் அக்காவுக்குள் இரண்டு பயம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. உள்ளே குழந்தை இருந்துவிடுமோ என்று ஒன்று. இல்லாமல் போய்விடுமோ என்று ஒன்று. டிக்கி காலி என்று தெரிந்ததும் அரை நொடி நிம்மதி வரும். அந்த நிம்மதி வந்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும். தகரம் கையைச் சுட்டது. சாவி தன் துணியைக் கொடுத்தார். அவள் வாங்கவில்லை, அதற்கும் நேரம் ஆகும்.

சேல்ஸ்மேன் தூரத்திலிருந்து கத்தினான். "ஹேட்ச்பேக் எல்லாம் பார்த்தாச்சு அக்கா! காலி!"

அவன் நாற்பத்தேழாவது வண்டியின் கண்ணாடியிலும் முகத்தை வைத்துப் பார்த்திருந்தான். இருக்கைகள் காலியாகத்தான் இருந்தன. அவன் சொன்னதில் பொய் இல்லை.

பதினேழாவது. பதினெட்டாவது. பத்தொன்பதாவதைத் திறந்தபோது பன்னிரண்டு மணி பத்து நிமிடம். அதிலும் ஒன்றும் இல்லை.

அக்கா பட்டியலைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் வெற்றுத்தாள்.

7

குட்டியின் அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலாளி யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். சக்கரத்துக்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸர் ஒரு மூலையில் கடகடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பத்துப் பேர் பத்துத் திசையில், 'குட்டி! குட்டி!'

அம்மாதான் கத்தினாள். "எல்லாரும் கொஞ்சம் வாயை மூடுங்களேன்! என் புள்ள கூப்பிட்டா எப்படிக் கேக்கும்?"

சாவி ஓடிப்போய்க் கம்ப்ரஸரை நிறுத்தினார். எல்லாரும் அவரவர் நின்ற இடத்தில் நின்றார்கள்.

அக்கா அந்த அமைதியைப் பற்றி மூன்று முறை சொல்லியிருக்கிறாள். அரைமணி நேரமாக இவர்களே போட்ட சத்தத்தில் எது அமுங்கிப் போயிருக்கும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெயிலில் தகரம் டிக், டிக் என்று விரிகிற சத்தம் கேட்டது. மதிலுக்கு அப்பால் யாரோ செருமினார்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. யாரும் தட்டவில்லை. யாரும் அழவில்லை.

[அமைதியா இருந்தா கேக்கும்னு நினைச்சோம். கேக்கல. அதுக்கப்புறம்தான் எனக்கு நிஜமாவே பயம் வந்துச்சு. அதுவரைக்கும் வந்தது பதட்டம்.]

மதில்மேல் ஒரு கறுப்பு மேட் காயப்போட்டிருந்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காரணமில்லை, கண் அங்கே போயிற்று. கால் வைக்கிற இடத்து மேட் சின்னதாக நான்கு இருக்கும். இது ஒற்றை, அகலம். டிக்கியில் போடுகிற மேட். காலையில் வண்டி கழுவுகிறவர் எடுத்துக் காயப்போட்டிருக்கிறார். மேட்டை எடுத்தவர் டிக்கியும் காயட்டும் என்று திறந்துதானே வைத்திருப்பார்?

மதிலோரம் நின்ற பச்சை வண்டியின் டிக்கி மூடியிருந்தது.

இல்லை, அதற்கு டிக்கியே கிடையாது. அது ஹேட்ச்பேக். பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது. சேல்ஸ்மேன் பார்த்துவிட்டான். அக்கா கண்ணைச் சுருக்கி அதன் சரிந்த முதுகைப் பார்த்தாள். கூரையிலிருந்து கண்ணாடி. கண்ணாடியின் மேல்விளிம்பில் பிளவு இல்லை. கண்ணாடிக்குக் கீழே, விளக்குகளுக்கு மேலே, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை, மெல்லிசாக—

"சாவி! நாப்பத்தேழு!"

"அது ஹேட்ச்பேக் அக்கா, பார்த்தாச்சு."

"கோட்டைப் பாரு! கோடு எங்க ஓடுதுன்னு பாரு!"

அவர் பார்த்தார். அவர் முகம் மாறியதை அக்கா சொல்லமாட்டாள்.

வண்டியின் பேட்டரி எப்போதோ செத்திருந்தது. சாவியால்தான் திறக்க வேண்டும். பூட்டுத் துவாரம் துருவேறியிருந்தது. மெக்கானிக்கின் கையிலிருந்து சாவி இரண்டு முறை கீழே விழுந்தது. அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே செருகினாள். திருப்புவதற்கு முன்னால் இடது கையால் மூடிமேல் இரண்டு தட்டு தட்டினாள்.

பதில் இல்லை.

8

இங்கே நான் நான்கு மாதம் நின்றேன். திருப்பாதவரைக்கும் எதுவும் நடக்கவில்லை, இல்லையா?

முடிவு அ: சாவி திரும்புகிறது. டிக்கி காலி. அந்த நேரத்தில் காவலாளி, "அக்கா, இங்க வாங்க!" என்று சிரித்துக்கொண்டே கூப்பிடுகிறார். அவருடைய அறைக்குள், நாற்காலிக்கு அடியில், குட்டி தூங்கிக்கொண்டிருக்கிறாள். இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்த முடிவு. ஆறு வருடமாக இதில்தான் நான் தூங்கி எழுந்திருக்கிறேன்.

முடிவு ஆ: எழுதமாட்டேன். நீங்களே முதல் பகுதியிலிருந்து அதை நினைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறீர்கள்.

நடந்தது:

சாவி திரும்பியது. மூடி எழும்பியதும் உள்ளிருந்த வெப்பம், அடுப்பைத் திறந்ததுபோல் (அடுப்பு என்று அக்கா சொல்லவில்லை, நான் சேர்த்தது) அவள் முகத்தில் அடித்தது. குட்டி ஒருக்களித்துக் கிடந்தாள். தலைமுடி முகம் முழுக்க ஒட்டியிருந்தது. ஒரு செருப்பு காலில் இல்லை, கையில் இருந்தது. அதைக்கொண்டு தட்டியிருக்கிறாள். கண் திறந்திருந்தது. திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தது என்று அக்காவிடம் கேட்டேன். "தெரியல," என்றாள். "இன்னும் முடியலடா அந்த நேரம்."

பிறகு இமை ஒருமுறை மூடித் திறந்தது.

அம்மா எல்லாரையும் தள்ளிக்கொண்டு வந்து வாரி எடுத்தாள். நிழல், ஈரத்துணி, தண்ணீர். குழந்தை வாந்தி எடுத்தது. அழவில்லை. குழந்தையை ஏற்றிய வண்டி வாசல் தாண்டித் தெருவுக்குப் போன பிறகுதான் உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. அதைக் கேட்டுத்தான் சாவி உட்கார்ந்து அழுதாராம்.

ஆஸ்பத்திரிக்கு எந்த வண்டியில் போனார்கள் என்று கேட்டேன்.

"வகை கேக்கறியா?" என்றாள் அக்கா. பிறகு நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது.

குட்டி பிழைத்தாள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் அக்காவிடம் ஒன்று சொன்னார். 'இன்னும் கொஞ்ச நேரம்' என்று தொடங்குகிற வாக்கியம். அதன் மீதியை எழுதப்போவதில்லை.

9

இது அக்கா எனக்குச் சொன்னதில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு பேருந்து நிறுத்தத்தில் சாவியைப் பார்த்தபோது அவர் சொன்னது.

நான்காம் நாள் குட்டியின் அப்பா தனியாகக் கொட்டிலுக்கு வந்திருக்கிறார். கத்தவில்லை. அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கி, நாற்பத்தேழாம் வரியில் விரலை வைத்தார்.

"இதுல ஹேட்ச்பேக்னு போட்டது யாரு?"

முதலாளி அக்காவைப் பார்த்தார்.

"நான்தான் சார்," என்றாள் அக்கா.

"ஒரு செகண்ட்கூட யோசிக்கலங்க," என்றார் சாவி. "அந்தக் குழந்தையோட அப்பா அக்காவையே பார்த்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் போயிட்டாரு. அந்த மாசக் கடைசியில அக்கா வேலையை விட்டுட்டாங்க."

நாற்பத்தேழாம் வண்டி பட்டியலில் ஏறிய அன்று அக்கா காலை நீட்டிக்கொண்டு வீட்டில் படுத்திருந்தாள். தேதியைப் பார்த்தால் யாருக்கும் தெரிந்துவிடும். பட்டியலே பிழைப்பாக இருந்தவள் தேதியைப் பார்த்திருக்கமாட்டாளா? பார்த்துவிட்டுத்தான் 'நான்தான்' என்றாளா? அல்லது தம்பி செய்ததும் தன் பொறுப்புதான் என்று நினைத்தாளா? அல்லது ஒளிந்துகொள்ளச் சொன்ன வாய் தன்னுடையது என்று தெரிந்த பிறகு, எந்தக் கேள்வி வந்தாலும் அவளிடம் அந்த ஒரே பதில்தான் இருந்ததா?

அவளுக்கு நான் கொடுத்த பிரதி நீங்கள் படிக்கிற இந்தப் பிரதி இல்லை. அதில் இரண்டாம் பகுதி பாதியில் முடிந்துவிடும். அவள் கால் விரிசலோ, என் இருபத்து மூன்று வண்டிகளோ அதில் கிடையாது. மெக்கானிக்கைப் பற்றிய என் சந்தேகமும், இந்த ஒன்பதாம் பகுதியும் கிடையாது. 'பட்டியல்தான் தப்பு' என்று வருகிற இடத்தில் இன்னொரு வரி இருந்தது: 'பட்டியலை எழுதியது அக்கா.' ஆமாம், அப்படி எழுதினேன். எழுதி, அச்செடுத்து, அவள் கையிலேயே கொடுத்தேன்.

அந்த வரியைப் பென்சிலால் அடித்திருந்தாள். ஓரத்தில் அவளுடைய சின்ன எழுத்தில்:

[யார் எழுதினதுன்னு கதைக்கு வேணாம். விட்டுடு.]

விட்டுடு. வரியை விட்டுவிடச் சொல்கிறாளா? அவள் நல்ல வாசகி, வேண்டாத வரியை வெட்டத் தெரிந்தவள். அல்லது, எனக்கு எல்லாம் தெரியும், நீயும் அதைத் தூக்கிக்கொண்டு திரியாதே என்று சொல்கிறாளா? முதலாவது என்றால் நான் இன்னும் சொல்லாதவன். இரண்டாவது என்றால் ஆறு வருடமாக அவள் எனக்காக வாய் மூடியிருந்திருக்கிறாள். அவளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்பதற்கு நான் முதலில் வாயைத் திறக்க வேண்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. திருத்திய கதையைப் படிக்கக் காலை பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். மேசைமேல் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்று அவள் பார்த்தது, அவள் சொன்னபடி அந்த வரியை எடுத்தது. இன்னொன்று இது. நீங்கள் இதைப் படித்துவிட்டதால், இந்த நிமிடம் அவளைவிட உங்களுக்கு அதிகம் தெரியும். அல்லது அவளுக்கும் உங்களுக்கும் ஒரே அளவு தெரியும். எதை உள்ளே வைப்பது, எதை வெளியே வைப்பது என்று நான் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

சீக்கிரம் சொன்னால் நல்லது. ஜன்னல் வழியாகத் தெரு தெரிகிறது. அக்கா பேருந்திலிருந்து இறங்கிவிட்டாள். என் வாசல்வரை ஓரமாகப் பதினோரு வண்டிகள் நிற்கின்றன. அவள் ஒவ்வொன்றின் பின்னாலும் நின்று, விரல்முட்டியால் இரண்டு தட்டு தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, அடுத்ததற்கு நகர்கிறாள். வேலையை விட்ட நாளிலிருந்து இப்படித்தான். வகை பார்ப்பதில்லை. ஹேட்ச்பேக்கையும் விடுவதில்லை. எதிரே வருகிற ஒருவர் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறார். அவள் அதைக் கவனிக்கவில்லை.

எட்டாவது வண்டியைத் தட்டுகிறாள். கேட்கிறாள்.

இன்னும் மூன்று வண்டிகள் இருக்கின்றன.